இருக்கைக்கு அடியில் ஒரு 'டொப்'

எங்கள் வேனில் சாவியைத் திருப்பினால், பாட்டு வருவதற்குச் சற்று முன்னால் ஓட்டுநர் இருக்கைக்கு அடியிலிருந்து 'டொப்' என்று ஒரு சத்தம் எழும். புதிதாக ஏறுகிறவர்கள் ஏதோ கழன்று விழுந்துவிட்டதென்று காலைத் தூக்கிக்கொள்வார்கள். ஒன்றும் விழவில்லை, அது பாட்டைப் பெரிதாக்கித் தரும் ஆம்ப் விழித்துக்கொள்ளும் சத்தம். எனக்கு ஒவ்வொரு முறையும் அண்ணியின் நினைவுதான் வரும்.

அண்ணி வெளிநாட்டில் வீட்டு வேலை செய்து வாங்கித் தந்த வேன் அது. ஜப்பானில் ஓடிக் களைத்து எங்கள் மலைக்கு வந்தது. அதிலிருந்த ரேடியோவில் நம் நாட்டு அலைவரிசைகளில் பாதிக்கு மேல் பிடிக்காது. பாட்டு ஏற்றிய பென் டிரைவைச் செருக இடமும் கிடையாது. அண்ணனுக்கு அது பெரிய குறையில்லை. அண்ணிக்குத்தான் புது ரேடியோ செட் வேண்டியிருந்தது, அதற்கு அவரிடம் காரணம் இருந்தது.

அண்ணியின் அப்பா திம்புள்ளப் பக்கத் தோட்டமொன்றில் தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டியவர். மாசியில் காமன் கூத்துக்குத் தப்பு மேளம் அடிக்க அவரைத்தான் தேடுவார்கள். அவர் இறந்தபோது அண்ணி வேலை செய்த வீட்டில் பாஸ்போர்ட்டைத் தரவில்லை. சாவுக்கும் வர முடியவில்லை, கருமாதிக்கும் வர முடியவில்லை. மிஞ்சியது கூத்தில் அவர் தப்பு அடிப்பதை யாரோ கைப்பேசியில் எடுத்த ஒரு காட்சி மட்டும். அதைக் காதோடு ஒட்டி வைத்துத்தான் அங்கே நாட்களை ஓட்டியிருக்கிறார். கைப்பேசியில் அது தகரத்தைத் தட்டுவதுபோலக் கேட்கும். ஊர் திரும்பிய அண்ணி கேட்டது ஒன்றே ஒன்று: "அப்பாவ ஒரு தடவையாவது பெருசா கேக்கணுங்க."

ஹட்டன் டவுனில் செட் பூட்டுகிற, பாஸ் என்று நாங்கள் கூப்பிடும் மெக்கானிக் இருக்கைக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். "வேனோட வந்த கம்பெனி ஆம்ப் இருக்கு. இதக் கழட்ட வேணாம். கதவு ஸ்பீக்கரு, பின்னுக்கு இருக்கிற பெரிய ஸ்பீக்கரு எல்லாம் இதுலதான் தொங்குது. புது செட்ட இதோட சேத்துருவோம்" என்றார். சேர்த்தார். ரேடியோ கணீரென்று பாடியது. எல்லாருக்கும் சந்தோஷம், புறப்பட்டோம்.

வழியில் அண்ணி அப்பாவின் தப்பை ஏற்றி வைத்திருந்த பென்னைச் செருகினார். திரையில் வினாடிகள் ஓடின. சத்தம் இல்லை. ரேடியோவுக்கு மாற்றினால் அறிவிப்பாளர் உற்சாகமாகக் கத்துகிறார். அப்பாவுக்கு மாற்றினால் மௌனம். திரும்பத் திரும்பச் செய்து பார்த்தோம், அதேதான். வீட்டில் எங்கள் அம்மா இதைக் கேட்டதும் யோசிக்காமல் சொல்லிவிட்டார்: "கருமாதிக்குக்கூட வராத மகளுக்கு அந்த மனுசன் எப்புடி வாயத் தொறப்பாரு?" எங்கள் லயத்து வீடுகள் முழுக்க அந்தப் பேச்சு பரவியது. தேங்காய் உடைக்கச் சொன்னார்கள், படையல் போடச் சொன்னார்கள். அண்ணி வேன் பக்கமே போகாமல் இருந்தார்.

பிறகு ஒரு நாள் காலை, கையில் பென்னோடு வந்து என்னை வேனுக்குள் கூப்பிட்டார். அப்பாவை எடுத்துவிட்டு அதில் ஒரு சினிமாப் பாட்டைப் போட்டிருந்தார். வினாடிகள் ஓடின, அதுவும் ஊமை. அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இந்தப் பாட்டுக்காரருக்கும் எம்மேல கோவமாங்க தம்பி?"

துக்கத்தில் இருக்கிற ஒரு மனுஷிக்கு இப்படி யோசிக்க முடிந்ததே என்ற வியப்பு இன்றும் எனக்குத் தீரவில்லை. அப்பாவை மறுபடி பென்னில் ஏற்றிக்கொண்டு அன்றைக்கே ஹட்டனுக்குப் போனோம். விஷயத்தைக் கேட்டதும் பாஸ் நெற்றியில் அடித்துக்கொண்டார். ஆம்பை எழுப்பக் கம்பி ஒன்று வேண்டும். புது செட்டின் பின்னால் அதுபோல் இரண்டு இருந்தன. வெறும் நீலம், ரேடியோ ஓடும்போது மட்டும் உயிர் வரும் ஏரியல் கம்பி. வெள்ளைக் கோடு போட்ட நீலம்தான் ஆம்புக்கு உரியது. அவர் வெறும் நீலத்தைச் சேர்த்திருந்தார். ரேடியோவை விட்டு மாறியதும் ஆம்ப் தூங்கப் போய்விட்டது, அவ்வளவுதான்.

கம்பியை மாற்றிச் சுற்றினார். 'டொப்' என்றது.

முதலில் தப்பு வரவில்லை. ஒரு மனிதர் தொண்டைக்குள்ளேயே இழுக்கும் 'ம்ம்ம்' வந்தது. கைப்பேசியில் அது ஒருநாளும் கேட்டதில்லை. அத்தனை அடியாழத்துச் சத்தம் அந்தச் சின்ன ஸ்பீக்கருக்கு எட்டாது. அண்ணி முன் இருக்கையை இறுகப் பிடித்துக்கொண்டார். "அடிக்கிறதுக்கு முன்னுக்கு அப்பா இப்புடித்தான் சுதி புடிப்பாரு" என்றார். அடுத்து விழுந்தது முதல் அடி. கண்ணாடிகள் அதிர்ந்தன, போத்தலில் தண்ணீர் நடுங்கியது, என் நெஞ்சுக்கூட்டில் யாரோ கைவைத்துத் தள்ளியதுபோல இருந்தது. சத்தத்தைக் காதால் கேட்பார்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். வெளியே பனிமூட்டம் கடைவாசல் வரை இறங்கியிருந்தது. பாஸ் குறட்டைக் கையில் பிடித்தபடியே நின்றார். அண்ணி அழுதார், அழுதுகொண்டே சிரித்தார். "கோவமெல்லாம் இல்லங்க தம்பி. என்னயப் பாத்துத்தான் அடிக்கிறாரு."

அண்ணி இப்போது மறுபடி வெளிநாட்டில். மாசி பிறந்தால் எனக்கு அவரிடமிருந்து அழைப்பு வரும். வேனுக்குள் உட்கார்ந்து, கைப்பேசியைப் பிடித்தபடி சாவியைத் திருப்புவேன். போன மாசியிலும் திருப்பினேன். 'டொப்'. பிறகு அந்த 'ம்ம்ம்'.

"கேக்குதா அண்ணி?"

"சுதி கேக்கலங்க தம்பி. இந்தப் போனுல எப்புடிக் கேக்கும்?" பிறகு கேட்டார்: "சீட்டுல கைய வச்சுப் பாருங்க. அதிருதா?"

வைத்தேன். "அதிருது அண்ணி."

"அப்ப அடிக்கட்டும். நிப்பாட்டிறாதீங்க."