தராசு அறியாத ஐம்பது

போன கிழமை கச்சான் காற்று பிடித்தது. மூன்று நாள் படகு இல்லை. நெடுந்தீவில் அது புதினமில்லை. ஆனால் என் மனைவியின் குளிசைப் போத்தல் காலி... அதுதான் புதினம்.

அவளுக்குத் தைரொயிட் வருத்தம். தினமும் விடிய, வெறும் வயிற்றில் ஒரு குளிசை. யாழ்ப்பாணத்துக் கிளினிக்கில் கொடுப்பார்கள். அந்தக் குளிசை தொடங்க முன்னம் அவள் இருந்த இருப்பு எனக்குத் தெரியும். முகம் ஊதிக் கிடந்தது. கதிரையில் இருந்தால் எழும்ப மாட்டாள். ஓயாமல் பேசுகிறவள், பேசவில்லை. அந்த வீட்டை இன்னொரு முறை பார்க்க எனக்கு ஏலாது.

அலுமாரியில் இன்னொரு போத்தல் கிடந்தது. கனடாவில் இருக்கும் அவளுடைய அக்கா வந்தபோது விட்டுப் போனது. அக்காவுக்கும் இதே வருத்தம். மருந்தின் பெயரும் ஒன்றுதான்.

இலக்கம்தான் இடித்தது. கிளினிக் அட்டையில் 50. கனடாப் போத்தலில் 0.05.

நான் எட்டாம் வகுப்பு. அதற்குப் பிறகு கடல், கரை, மீன் தராசு. ஐம்பது எங்கே, சைபர் தசம் சைபர் ஐந்து எங்கே?

“இது சரியான குறைவு. பத்தைப் போடும்” என்றேன்.

கரையில் அப்படித்தான். நிறை குறைந்தால் மேலே இரண்டு மீனை அள்ளிப் போடுவோம்.

“பத்தோ? நான் என்ன உங்கட தராசுத் தட்டோ, அள்ளிப் போட?”

சொன்னாலும் எண்ணி எடுத்துவிட்டாள். ஒரு கையில் பத்துக் குளிசை. மற்றக் கையில் தண்ணீர். பிறகு நின்றாள்.

“எதுக்கும் மிஸ்ஸியைக் கேளுங்கோ.”

மிஸ்ஸி எங்கள் ஒழுங்கையில் இருக்கும் தாதி. போன் எடுத்து விஷயத்தைச் சொன்னேன்.

“அண்ணை, போட்டிட்டாவோ?” குரல் மாறியிருந்தது.

“இல்லை. கையில வச்சிருக்கிறா.”

“கீழ வைக்கச் சொல்லுங்கோ! பத்தைப் போட்டு நெஞ்சு படபடத்தா எங்க கொண்டு ஓடுறது? படகும் இல்லை.”

வைத்தாள்.

“இலக்கத்துக்குப் பக்கத்தில என்ன எழுத்துக் கிடக்கு?”

எழுத்தா? அதை யார் பார்த்தது? இப்போது பார்த்தேன். அட்டையில் மைக்ரோ கிராம். போத்தலில் மில்லி கிராம்.

“உங்கட தராசில 0.050 எண்டு விழுந்தா ஆக்களுக்கு என்ன சொல்லுவியள்?”

“ஐம்பது கிராம்.”

“ஏன்?”

“கிலோவை ஆயிரமாப் பிரிச்சா கிராம். அதுதான்.”

“கிராமை ஆயிரமாப் பிரிச்சா மில்லி கிராம். அதையும் ஆயிரமாப் பிரிச்சா மைக்ரோ. இப்ப சொல்லுங்கோ.”

0.05 மில்லி கிராமை ஆயிரத்தால் பெருக்கினால் ஐம்பது மைக்ரோ கிராம். இரண்டும் ஒன்று! கரையில் தினமும் நானே செய்கிற கணக்கு. இரண்டு படி கீழே இறங்கினதும் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

பெயரையும் காலாவதித் திகதியையும் வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன்.

“சரி, ஒண்டு போடட்டும். ஒண்டுதான். மேல போட இது மீனில்லை அண்ணை.”

“ஐம்பது மைக்ரோ எண்டா எவ்வளவு வரும்?”

“குசினியில தூள் உப்பு இருக்கோ? ஒரு மணி எடுங்கோ. மருந்து அவ்வளவுதான். குளிசையில மிச்சமெல்லாம் உருட்டுறதுக்குச் சேர்த்த மா.”

எடுத்தேன். விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு நின்றது. மூச்சு விட்டால் போய்விடும். கரைக்குக் கொண்டுபோகிற தராசில் வைத்தேன். சைபர்.

இந்த மணியா அவளை எழுப்பி நடத்துகிறது? இதுவா குரல் கொடுக்கிறது... என்னைத் திட்டவும் வைக்கிறது?

ஆள் நீளச் சுறா தூக்கிய கை இது. அன்று ஒரு உப்புமணியைத் தவறவிடாமல் பிடிக்கப் பாடுபட்டது. அதைப் போல பத்தை அல்லவா கொடுக்கப் பார்த்தேன்?

மிஸ்ஸியிடம் இன்னொரு கணக்கும் கேட்டேன். தினம் ஒன்றாக நாற்பது வருடம் போட்டால்?

போனில் தட்டிப் பார்த்துச் சொன்னாள். “எல்லா மருந்தையும் சேர்த்தாலும் ஒரு கிராம் வராது அண்ணை.”

ஒரு கிராம் வராது. ஒரு ஆள் நாற்பது வருடம் எழும்பி நடமாட!

இலக்கத்தைப் பார்க்கிறவர்களே, பக்கத்தில் இருக்கும் எழுத்தையும் பாருங்கள். எனக்கு இதற்கு மேல் சொல்லத் தெரியாது.

குளிசை போட்டு அரை மணித்தியாலம் போனால்தான் எங்கள் வீட்டில் தேத்தண்ணி. முன்பு முணுமுணுப்பேன்.

இப்போது பேசாமல் இருக்கிறேன். அவள் பேசுகிறாள்.