குட்டிக்கு வைத்த தீபாவளி எண்ணெய்

தீபாவளியன்று விடியுமுன் அம்மா என் உச்சந்தலையில் ஒரு கை நல்லெண்ணெய் வைத்து அரக்கிக்கொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது.

எண்ணெய் கண்ணில் இறங்க, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் பார்த்தேன். துவைகல்லின் மேல் பூனைக்குட்டி உட்கார்ந்திருந்தது. அதை ஒட்டிக் கிழட்டுப் பூனை. கிழம் குட்டியின் காதை நக்க, குட்டி வாகாகக் கழுத்தைச் சாய்த்துக் கொடுத்தது. ஆவணியில் அந்தக் கழுத்து என் கைக்குத்தான் அப்படிச் சாயும்.

அட, சங்கதி இதுதானா என்று இருந்தது எனக்கு. கிழம் நக்கி நக்கித் தன் வாடையை அதன் மேல் ஏற்றிவிட்டது. வாடை ஒன்றாகிவிட்டால் உறவு ஒன்று. அப்படியானால் என் தலையில் இருக்கிற எண்ணெய் அதன் தலையிலும், நான் தேய்க்கிற சீயக்காய் அதன் முதுகிலும் ஏறினால்?

"அம்மா, குட்டிக்கும் ஒரு சொட்டு வைம்மா."

"எண்ணெய் விக்கிற வெலையில பூனைக்கு முழுக்காட்டா? ஏலே, படிச்சுப் படிச்சு மூளை கலங்கிருச்சால ஒனக்கு?"

அடுப்படியிலிருந்து மதினி சிரித்தாள். "சும்மா வைங்கத்தே. இல்லன்னா புது வேட்டியும் கேப்பாரு அதுக்கு."

மதினி ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. அண்ணனைக் கட்டிக்கொண்டு இராஜபாளையம் வந்த முதல் வருஷம் இது. ஆடிக்குப் பிறந்த வீடு போனவள், ஆவணி பிறந்ததும் கரி பஸ்ஸில் திரும்பி வந்தாள். யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் முதுகில் கரி அடுப்பைச் சுமந்துகொண்டு ஓடுகிற காலம். வந்து இறங்கியவள் முகமெல்லாம் கரி, கையில் ஓலைப்பெட்டி. பலகாரம் என்று நினைத்துப் பெட்டிக்குள் கையை விட்டேன். உள்ளே இருந்தது என் விரலைப் பிடித்துச் சப்பியது. மதினி வீட்டில் பால்கோவா கிண்டி விற்பார்கள். பால் சட்டியைச் சுற்றிப் பூனைகளுக்குக் குறைவில்லை. தாய் செத்துப்போய், கூடப் பிறந்தவையும் போய், இது ஒன்றுதான் மீந்ததாம்.

எங்களுக்குப் பருத்திக்கொட்டை வியாபாரம். முன்னால் கடை, பின்னால் வீடு, நடுவில் மூட்டை அடுக்கிய கிட்டங்கி. எலிக்காக இரண்டு பூனைகள் உண்டு: ஈன்று ஓய்ந்த கிழம் ஒன்று, காது கிழிந்த கடுவன் ஒன்று. நான் பள்ளி இறுதிப் பரீட்சை தேறிவிட்டு, மேலே படிக்கப் போவதா கடையில் உட்காருவதா என்று அண்ணன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சும்மா இருக்க வராது. கடைக் கடிகாரத்தைக் கழற்றி மாட்டி ஒரு திருகு மிச்சம் பிடித்திருந்தேன். அந்த நேரத்தில் வந்து சேர்ந்தது குட்டி.

பாலில் திரியை நனைத்து நனைத்து ஊட்டினேன். வயிறு நிறைந்ததும் சட்டைக்குள் புகுந்து, கண்ணை மூடி, முன்னங்கால்களால் என் நெஞ்சைப் பிசையும். என் காது மடலைத் தாய் மடி என்று நினைத்துச் சப்பும். காதைக் கழுவாமல் திரிகிறேன் என்று அம்மாவிடம் திட்டு வாங்கினேன். நான் கடைக்குப் போனால் கத்திக்கொண்டே கிட்டங்கி வழியாகப் பின்னால் வரும். பெரிய பூனைகள் இரண்டும் அதைப் பார்த்துச் சீறின. அப்போதெல்லாம் அது ஓடிவந்து ஒளிய இருந்த ஒரே இடம் என் சட்டைதான்.

புரட்டாசியில் எல்லாம் மாறியது. எந்த நாளில் என்று சொல்ல முடியவில்லை. ஒரு மத்தியானம் தேடிப் போனால், கிட்டங்கி மூலையில் கிழத்தின் பழஞ்சாக்கில் இரண்டும் சுருண்டு கிடந்தன. பால் வற்றிய மடியைக் குட்டி சப்பிக்கொண்டிருக்க, கிழம் பேசாமல் கொடுத்துக்கொண்டு கிடந்தது. கடுவனும் குட்டி தன் வாலைக் கடித்து விளையாடுவதைப் பொறுத்துக்கொண்டது. கூப்பிட்டேன். குட்டி தலையைத் தூக்கிப் பார்த்தது, தெருவில் போகிறவனைப் பார்ப்பதுபோல. மறுபடி மடிக்குள் தலையை விட்டது. அதன்பின் கருவாட்டு வாசனை இருந்தால் வரும். தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு சாக்குக்குப் போய்விடும்.

"வளந்துட்டா அம்புட்டுத்தான் கொழுந்தனாரே. காரியம் ஆகுற வரைக்கும்தான் நீங்க," என்றாள் மதினி.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆகவே, தீபாவளி எண்ணெய். தவிட்டு நிறக் குட்டி எண்ணெயில் நனைந்து பெருச்சாளிபோல ஆயிற்று. சீயக்காய் தேய்க்கும்போது அது போட்ட சத்தத்தில் தெருவில் வெடி போட்டவர்கள் எட்டிப் பார்த்தார்கள். என் கை முழுக்க நகக் கீறல். ஐப்பசி அடைமழை, வெயில் கிடையாது, ஈரத்தோடு விட முடியுமா? அம்மா மதினியின் தலைக்குச் சாம்பிராணி போட்டுவிட்டு வைத்திருந்த தூபக்காலை வாங்கி, கோழி மூடுகிற பஞ்சாரத்தைக் கவிழ்த்துக் குட்டியை உள்ளே விட்டு, ஓரமாகப் புகை காட்டினேன். காய்ந்து வெளியே வந்தபோது பஞ்சு உருண்டைபோல இருந்தது. மோந்து பார்த்தேன். அசல் என் வாடை. எனக்குப் பிடிபடாத பெருமை.

குட்டி நேரே கிழத்திடம் ஓடியது.

கிழம் மூக்கை நீட்டியது. ஒரு நொடி. பிறகு முதுகை வளைத்து, தொண்டையிலிருந்து நான் அதுவரை கேட்டிராத ஒரு சத்தத்தோடு ஓங்கி அறைந்தது. குட்டி விளங்காமல் மறுபடி கிட்டே போனது. மறுபடி அறை. சத்தம் கேட்டு வந்த கடுவன் மோந்துகூடப் பார்க்கவில்லை, துரத்த ஆரம்பித்தது. நான் குட்டியைப் பிடிக்கக் கையை நீட்டினேன். சீயக்காய் தேய்த்த கை. அதைக் கண்டதும் குட்டி என்னைப் பார்த்துச் சீறிவிட்டு மூட்டைகளுக்குப் பின்னால் போய் விழுந்தது.

மதினி அதிரசத் தட்டோடு வந்து நின்றாள். "நான் இந்த வீட்டுக்கு வந்த புதுசுல ஒங்கம்மா என்னய இப்பிடித்தான் மோந்து பாத்தாக."

"நீ அடி வாங்கலைல்ல, பேசாம போ," என்றாள் அம்மா.

தீபாவளி போய் நாலைந்து நாள் ஆகியும் குட்டி வெளியே வரவில்லை. பாலைக் கிண்ணத்தில் மூட்டை ஓரமாக வைத்தேன். கடுவன் குடித்துவிட்டுப் போனது. கடுவனைப் பிடித்து அறையில் அடைத்துவிட்டு வைத்தேன். கிழம் வந்து கிண்ணத்துக்கும் மூட்டைக்கும் நடுவில் படுத்துக்கொண்டது. கிழத்தின் முதுகிலும் கொஞ்சம் எண்ணெய் தடவினால் இரண்டும் ஒன்றாகிவிடுமே என்று எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தேன்.

"கெழவியத் தொட்டேன்னா கைய இங்கயே விட்டுட்டுப் போவேல," என்று அம்மா கிண்ணத்தைப் பிடுங்கினாள். பிறகு கொஞ்சம் இறங்கிச் சொன்னாள்: "நீ குளிப்பாட்டாட்டியும் அது அடிச்சுத்தான் தொரத்தும். குட்டி பெருசானா எந்தப் பூனையும் அப்பிடித்தான்."

அதுதான் என்னைப் பிடுங்கித் தின்றது. நான் ஏற்றிய வாடையால் வந்த வினையா, வளர்ந்ததால் வரவேண்டிய நாள் வந்துவிட்டதா? கிழம் சொல்லாது. குட்டிக்குத் தெரியாது.

இன்று சாயங்காலம் பக்கத்து வீட்டம்மா மதிலுக்கு அப்பாலிருந்து கூப்பிட்டார்கள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள், பூனை அவர்களுக்குப் பில்லி. பன்றி வேட்டைக்குப் போகிற வெள்ளை நாய் ஒன்று வளர்க்கிறார்கள்.

"ஏம்ப்பா, ஒங்க பில்லிக்குட்டி மதில்மேல நிக்குது. செத்த நேரத்துல நாய அவுத்து விட்ருவாங்க. பொறவு என்னயச் சொல்லப்படாது."

ஓடினேன். மதில்மேல் விலா எலும்பு தெரிய நின்றது. பேர் சொல்வதுபோல நான் பழைய குரலில் கூப்பிட, அது அந்தப் பக்கம், நாய் இருக்கிற பக்கம், ஓர் அடி நகர்ந்தது. நான் கூப்பிட்டால் அது நாயிடம் போகும்! வாயைப் பொத்திக்கொண்டு பின்னோக்கி நடந்து விலகினேன். நான் தூரப் போன பிறகுதான் இந்தப் பக்கம் குதித்து மூட்டைகளுக்குப் பின்னால் புகுந்தது. இன்னொரு தடவை இந்தப் பக்கமே குதிக்கும் என்று யார் சொல்ல முடியும்?

என் காது மடலை அது இனித் தேடாது. போகட்டும். அது படுத்து எழ இந்த வீட்டில் ஓர் இடம் வேண்டும். அந்த இடம் நான் இல்லை.

காலையில் கிழம் அடுப்படிக்குப் போகும் நேரம் பார்த்து, அதன் பழஞ்சாக்கை எடுத்துக் குட்டி ஒளிந்திருக்கிற சந்தில் போடப் போகிறேன். அதில் புரண்டால் கிழத்தின் வாடை திரும்ப ஏறலாம். ஏறாமலும் போகலாம். சாக்கைக் காணாமல் கிழம் கோபித்துக்கொள்ளவும் கூடும். சாக்கைக் கையால் தொட மாட்டேன், என் வாடை ஒட்டிவிடும். கொடியில் துணி தூக்கிப் போடுகிற மூங்கில் கம்பை இப்போதே எடுத்துக் கிட்டங்கி வாசலில் சாத்திவைத்திருக்கிறேன்.