மடியில் கால் நீட்டிய சங்கு

அறுபதுகளின் கடைசியில், இலங்கையிலிருந்து கப்பலில் வந்து ராமேஸ்வரத்தில் இறங்கியபோது நடந்தது இது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். 'சுருக்கமா சொல்லு ஆயா' என்கிறாள். சுருக்கமாகச் சொன்னால் அது நான் இல்லை!

எங்களுக்கு ஊர் பெரிய காஞ்சிபுரம். வீட்டுக்காரருக்குப் பட்டுத்தறி. தலைமன்னாரில் வாழ்க்கைப்பட்ட நாத்தனாரைப் பார்க்கப் போனோம். வருஷக்கணக்காகக் காத்திருந்து அப்போதுதான் எனக்கு வயிற்றில் தங்கியிருந்தது. எங்கள் வீட்டில் பிறக்கும் பிள்ளைக்குச் சங்கில்தான் பால் ஊற்றுவார்கள். பழைய சங்கு விரிசல் விட்டிருந்தது. "சங்கு இல்லாம வாசப்படி ஏறாதே" என்று மாமியார் சொல்லித்தான் அனுப்பினார்.

புறப்படும் அன்று காலையில் நாத்தனார் ஒரு சின்னச் சங்கு வாங்கிக் கொடுத்தாள். வாயில் கெட்டியாக ஒரு மூடி. குங்குமச்சிமிழுக்கு இருப்பதுபோல இதற்கும் மூடி போட்டு விற்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கடலைத் தூர நின்று பார்த்த ஜனங்கள் நாங்கள். அவள் ஈரத்துண்டில் சுற்றித் தந்ததை அப்படியே மடியில் வைத்துக்கொண்டேன்.

ராமேஸ்வரத்தில் சுங்க அதிகாரி அதைப் பார்த்துவிட்டு, ஓட்டை போட்ட ஒரு பலகையை எடுத்தார். சங்கு அந்த ஓட்டைக்குள் சுலபமாகப் புகுந்து வந்துவிட்டது.

"இது குட்டிம்மா. இந்த அளவுல பிடிக்கவும் கூடாது, உள்ள கொண்டு வரவும் கூடாது."

"சாமி சாமான் சார் இது! இதுல இன்னா குட்டி, பெருசு?" என்று அடித்துப் பேசினேன்.

"உசுரோட இருக்கும்மா."

"சங்குக்கு ஏது சார் உசுரு?" என்று வாங்கி மறுபடி மடியில் வைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் மூடி நகர்ந்தது. உள்ளேயிருந்து வழவழவென்று ஒரு கால் வெளியே வந்து என் புடவையைத் தடவியது. நான் போட்ட கூச்சலில் வரிசையே திரும்பிப் பார்த்தது.

வீட்டுக்காரர் கெஞ்சினார். "ஒண்ணே ஒண்ணுதானே சார், வுட்டுடுங்க. தறியில பாவு நூலு காத்துக்கினு இருக்குது."

"எல்லாரும் ஒண்ணுன்னுதான் எடுக்கறாங்க. முட்டை வைக்கிறதுக்கு முன்னாலயே பிடிச்சிட்டா அப்புறம் கடல்ல என்ன மிஞ்சும்?"

என் கை தானாக வயிற்றுக்குப் போனது. "இனிமே கேக்க மாட்டேன் சார். நானே கடல்ல வுட்டுட்டு வரேன்" என்று சங்கோடு துறைப் படியிறங்கிப் போய்த் தண்ணீரில் வைத்தேன். அது மூடியைச் சாத்திக்கொண்டு மெதுவாக அமிழ்ந்தது.

ஊர் வந்ததும் வீட்டுக்காரர் முந்திக்கொண்டு நடந்ததைச் சொல்ல, மாமியார் என்னை வாசலிலேயே மறித்தார். "ஆபீசர் கேட்டாருன்னு குடுத்துட்டு வந்துட்டியா?"

"அவுரு கேட்டதுக்குக் குடுக்கல அத்தே. அது என் மடியில காலை நீட்டுச்சு."

என்னையும் என் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தார். உள்ளே போய், குழந்தைக்குப் பால் புகட்டும் பித்தளைப் பாலாடையை எடுத்துப் புளி போட்டுத் தேய்க்க உட்கார்ந்துவிட்டார். "வா உள்ளே. இதுல குடிச்சா உம்புள்ள வளராதா?"

வளர்ந்தாள், இதை எழுதுகிறவளின் அம்மா அவள்தான். இன்றும் கோயிலில் சங்கு ஊதினால், அதற்குள் ஒரு காலத்தில் குடியிருந்த உயிரையும் சேர்த்துத்தான் கும்பிடுகிறேன்.