எனக்கு எதிராக நானே போட்ட கோஷம்

போக்குவரத்துத் தொழிற்சங்கத்தில் நான் கிளைச் செயலாளர். புதிய மருத்துவக் காப்பீட்டுக்கு எங்கள் தலைமை தலையாட்டிவிட்டு வந்ததில், ஓய்வு பெற்றவர்களின் அட்டை புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் செல்லாமல் போனது. டயாலிசிஸுக்குக்கூடத் திருச்சிக்கு ஓட வேண்டும்.

நியாயம் கேட்க அவர்கள் டெப்போவுக்கு வந்த அன்று, சங்க அறையைத் தாழிட்டுக்கொண்டு, எனக்கு வயிற்றுவலி என்று என்னையே நம்பவைத்துக்கொண்டிருந்தேன்.

வெளியே ஓய்வு பெற்ற டிரைவர் காசிம் அண்ணன் குரல் கொடுத்தார்: “செயலாளரே, பதில் சொல்!”

பழக்க தோஷம். உள்ளேயிருந்து நானும் கையை உயர்த்தி, எல்லோரையும் விட உரக்க, “பதில் சொல்!” என்றேன்.

வெளியே சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று.

“தொறப்பா, அடிக்க மாட்டோம்,” என்றார் காசிம் அண்ணன். திறந்தேன். “ஒங்க அண்ணி டயாலிசிஸ் முடிச்சுத் திருச்சியிலேர்ந்து திரும்பறப்ப பஸ்ஸுலயே சுருண்டு படுத்துருது. இதை மேல சொன்னியா?”

“ஒருவாட்டி போன் போட்டேன்ணே, எடுக்கல. மறுபடி போடப் பயம்.”

அவர் திட்டவில்லை. களைத்துப்போய் பெஞ்சில் உட்கார்ந்து, “இப்பப் போடு. நாங்க இருக்கோம்ல,” என்றார்.

அப்போதும் யாரும் எடுக்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டேன். வயிற்றுவலி எப்போது போனதென்று தெரியவில்லை.