அண்ணி வெள்ளை உடுத்திய பகல்

அண்ணியின் அப்பா ஈப்போவில் இறந்துவிட்டார். அண்ணி மலேசியச் சீனப் பெண். சிங்கப்பூரில் அண்ணனோடு வேலை பார்த்தவள், கல்யாணமாகிக் கள்ளக்குறிச்சிக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. புதுப்பிக்கக் கொடுத்த பாஸ்போர்ட் இன்னும் வரவில்லை. சவப்பெட்டி மூடுவதை வீடியோ காலில் காட்டுகிறேன் என்று அவள் தங்கை சொல்லியிருந்தாள். அதற்குள் துக்க உடை வேண்டும்.

எதையும் துருவிக் கேட்கும் எனக்கு இது போதாதா? அண்ணியைக் குடைந்து குடைந்து கேட்டேன். உள்ளே வெள்ளை, மேலே சணல். உறவு நெருங்க நெருங்கத் துணி முரடாகுமாம். ஓரம் மடித்துத் தைக்கக் கூடாது. பெற்றவரை இழந்தவளுக்கு அழகு பார்க்க மனம் ஏது? இறந்தது அப்பா என்றால் இடது சட்டைக்கையில் ஒரு துணித்துண்டு குத்த வேண்டும். என் வெள்ளைச் சுடிதாரைக் கொடுத்தேன். மக்காச்சோளச் சாக்கை வெட்டினேன்.

அம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

“இன்னாடி இது? புருஷன் மல மேல இருக்கச்சொல்ல எவளாச்சும் வெள்ள கட்டுவாளா? நான் கட்டுனது பத்தாதா இந்த வூட்டுக்கு?”

அப்பா போனபோது தான் உடுத்திய வெள்ளையைச் சொன்னாள். அண்ணன் அன்றும் காலையில் மரவள்ளி ஏற்ற வண்டியோடு கல்வராயன் மலைக்குப் போயிருந்தான். அந்தப் பக்கம் வானம் இருண்டு கிடந்தது. போன் போகவில்லை.

“மேல டவர் இருக்காதும்மா.”

“நேத்து மட்டும் எப்பிடி இருந்துச்சாம்?”

அண்ணி வளையல்களைக் கழற்றினாள். “இது அப்பாக்கு, அத்தே. அவருக்கு இல்லே.”

“தாலில கைய வெச்சுடாத, ஆமா!”

அழைப்பு வந்தது. திரையில் சணல் உடுத்திய எல்லோரும் பெட்டிக்கு முதுகு காட்டித் திரும்பினார்கள். அண்ணியும் சுவரைப் பார்த்துத் திரும்பி, என்னையும் இழுத்தாள். அம்மாவுக்கு அது புரியவில்லை. எங்கள் பக்கம் கடைசியாக முகம் பார்க்காமல் அனுப்புவார்களா? போனை எடுத்து, “சம்பந்தி...” என்று குனிந்தாள்.

“பாக்காதீங்க அத்தே! மூடும்போது பாத்தா ஆகாது!”

“யாருக்கு ஆகாது?”

“பாக்கறவங்களுக்கு.”

நான் சுவரோரமாக அண்ணனின் எண்ணை மறுபடி அழுத்தினேன். தொடர்பு எல்லைக்கு வெளியே.

“பாக்கறவங்களுக்கு மட்டுந்தான? எம்புள்ளைக்கு இல்லியே?”

“இல்லே அத்தே.”

“அப்ப நான் பாக்கறேன். வர்றது எனக்கே வரட்டும்.”

கடைசி ஆணி இறங்கும் சத்தம் வரை அம்மா கண்ணை எடுக்கவில்லை.