படிக்காமல் எழுத வேண்டிய பரீட்சை

எழுபதுகளின் நடுவில் கல்கத்தாவில் நான் உளவியல் ஆராய்ச்சி மாணவி. அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. கரியாஹாட்டுக்குப் பக்கத்தில், தமிழ்க் குடும்பங்கள் நெருக்கியடித்துக் குடியிருந்த ஒரு தெருவில் எங்கள் வீடு. என் பேராசிரியருக்கு அந்தத் தெருவே ஒரு பரிசோதனைச் சாலை.

அவர் ஒரு பெரிய உண்மையைக் கண்டுபிடித்திருந்தார். மதராஸிக் குழந்தைகள் மனப்பாடத்தில் சூரர்கள், யோசிப்பதில் சுமார். ஆனால் வங்காளத்தில் ஒரு வருஷம் இருந்தால் யோசிக்கவும் ஆரம்பித்துவிடுவார்கள். மாற்றலாகி வந்த தமிழ்க் குழந்தைகளுக்குப் படங்களும் கேள்விகளுமாக ஓர் அறிவுச் சோதனை வைத்தார். அடுத்த வருஷம் அதே குழந்தைகளுக்கு அதே சோதனை. மதிப்பெண் எகிறியிருந்தது. வங்காளக் காற்று, பாட்டு, ஓயாத அரட்டை, மீன் என்று காரணங்களை அடுக்கிக் கட்டுரை எழுதிப் புகழும் அடைந்துவிட்டார்.

எங்கள் தெருவில் முக்கால்வாசி வீடுகளில் மீன் நுழைந்ததே இல்லை என்று அவரிடம் சொன்னேன். பக்கத்து வீட்டு வாசனைக்கே இவ்வளவு பலன் என்றால் சாப்பிட்டால் என்ன ஆகும், யோசித்துப் பார் அம்மா என்றார். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. மெட்ராஸிலேயே இருக்கும் பிள்ளைகளுக்கும் இதை இரண்டு தரம் வைத்துப் பார்க்கலாமே என்று கேட்டேன். அங்கே வெயில் அதிகம் என்று முடித்துவிட்டார்.

புதிதாக வந்த வேறு குழந்தைகளை வைத்து இந்த உண்மையைச் சரிபார்ப்பதுதான் என் ஆராய்ச்சி. சரியாக வந்தால் டாக்டர் பட்டம். சரியாக வராமலும் போகலாம் என்ற எண்ணம் அவருக்கு எழவே இல்லை. முதல் சோதனையை எங்கள் வீட்டு மாடியறையிலேயே முடித்தேன். ஒரு வருஷம் கழித்து, இரண்டாவது சோதனைக்கு நாள் நெருங்கியிருந்தபோது, ஒரு சனிக்கிழமை மாலை லோட்ஷெடிங்கில் மின்சாரம் போய் நூலகத்தை மூடிவிட்டார்கள். வழக்கத்துக்கு மாறாக இருட்டுவதற்கு முன்பே வீட்டுக்கு வந்தேன்.

கூடத்தில் என் ஆராய்ச்சிக் குழந்தைகள் அத்தனை பேரும் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். அம்மா நடுவில் நின்று, குடைப் படத்தில் என்ன குறை என்று கேட்டாள். பிடி இல்லை என்று கோரஸாகப் பதில் வந்தது.

எங்கள் ஆட்களின் வழக்கம் எனக்கே மறந்துபோயிருந்தது. பரீட்சை எழுதிவிட்டு வரும் பிள்ளைக்குச் சோறு போடுவதற்கு முன், என்ன கேட்டார்கள், நீ என்ன எழுதினாய் என்று குடைந்தெடுத்துவிடுவார்கள். அப்படிக் குடைந்ததில் மொத்தக் கேள்விகளும் மாமிகளிடம் சேர்ந்துவிட்டன. சந்தேகமான விடைகளை வருமானவரி ஆபீஸில் இருந்த ஒரு மாமா தீர்த்துவைத்திருக்கிறார். இப்படிச் செய்யலாமா என்று கத்தினேன்.

அம்மா அசரவில்லை. "அதே பேப்பரத்தான் மறுபடியும் குடுப்பான்னு தெரிஞ்சப்புறம் படிக்க வெக்காம அனுப்பினா நாங்கள்ளாம் என்ன அம்மா? உன் வாத்தியார் வந்தப்பவும் நான்தான் சொல்லிக்குடுத்தேன்" என்றாள்.

ஆக, வங்காளக் காற்று என் அம்மாவின் வாயிலிருந்து வீசியிருக்கிறது.

அதே அளவு கடினமான, ஆனால் ஒரு கேள்விகூடப் பழையதாக இல்லாத புதிய சோதனை ஒன்றைத் தயாரித்தேன். யாரிடமும் மூச்சு விடாமல் அதைக் குழந்தைகளுக்கு வைத்தேன். மதிப்பெண் போன வருஷம் இருந்த இடத்திலேயே வந்து உட்கார்ந்தது. மறுநாள் மாமிகள் திரண்டு வந்து, சிலபஸில் இல்லாததைக் கேட்டுவிட்டாய் என்று என்னோடு சண்டை போட்டார்கள். அதில் அம்மாவும் இருந்தாள்.

பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, என் முகம் கடுகடுவென்று இருப்பதால் குழந்தைகள் பயந்திருப்பார்கள் என்றார். தானே நேரில் வந்து சரிபார்ப்பதாகவும் சொன்னார். எதை வைத்து? பழைய சோதனையை வைத்துத்தான். கஞ்சி போட்ட வேட்டியும் கையில் ஒரு பெட்டி சந்தேஷ் இனிப்புமாக வந்து மாடியறையில் உட்கார்ந்தார். முதலில் வந்தது ஒரு சின்னப் பெண். அவர் மேஜைமேல் முதல் படத்தின் அட்டையைக் கவிழ்த்துத்தான் வைத்திருந்தார்.

"குடைக்குப் பிடி இல்லை" என்றது அது.

அவர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். குடைக்குப் பிடி இல்லை. இப்போதாவது புரிந்திருக்கும் என்று நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒரே பூரிப்பு. வங்காளத்தில் வாழ்வதால் யோசிக்கும் வேகமும் அபாரமாகக் கூடுகிறது என்று அடுத்த கட்டுரையில் சேர்த்துக்கொண்டார்.

புதிய சோதனை பற்றிய அத்தியாயத்தை எடுத்துவிடு, அல்லது வேறு ஆளைப் பார்த்துக்கொள் என்று என்னிடம் சொல்லிவிட்டார். எடுக்க மாட்டேன் என்றேன். திரும்பும்போது டிராமில் எல்லோரும் பார்க்க அழுதேன். அத்தனையும் கோபம். வேறொரு வழிகாட்டியைப் பிடித்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதி முடிப்பதற்குள் என்னோடு சேர்ந்தவர்கள் எல்லாம் டாக்டர்களாகி, எனக்குப் புத்தி சொல்லவும் ஆரம்பித்திருந்தார்கள். அதற்குள் பேராசிரியரின் புகழில் மயங்கிய ஒரு பள்ளிக்கூடம், அவருடைய சோதனையை வைத்தே பிள்ளைகளைச் சேர்க்கத் தொடங்கியிருந்தது.

கடைசியில் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் என்னை உலுக்கியெடுத்தார். பலமுறை சரிபார்க்கப்பட்ட உண்மையை எந்தத் தைரியத்தில் மறுக்கிறாய் என்று கேட்டார். ஒரே கேள்வித்தாளை எத்தனை தரம் கொடுத்தாலும் அது சரிபார்த்தல் ஆகாது என்றேன். அம்மாவின் சனிக்கிழமை வகுப்பையும் ஒன்று விடாமல் விவரித்தேன். அவர் வெகு நேரம் தலையாட்டினார். பிறகு மற்றவர்களைத் தேநீருக்கு அனுப்பிவிட்டு, எனக்குப் பட்டம் தரலாம் என்று கையெழுத்துப் போட வேண்டிய அறிக்கையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பேனாவின் மூடியைத் திறக்கவில்லை.

தன் பேரன் அடுத்த மாதம் அந்தப் பள்ளிக்கூடத்தில் சோதனைக்கு உட்காரப் போகிறான் என்றார். குரல் தணிந்திருந்தது. உங்கள் அம்மா வங்காளிப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுப்பார்களா என்று கேட்டார்.

நான் பேனாவைப் பார்த்தேன். சனிக்கிழமை மாலை அனுப்பிவைக்கச் சொன்னேன். அவர் கையெழுத்துப் போட்டார்.