பேபி வாசல்ல நின்ன டிரம்முங்க

இரும்புலியூர்ல பேபியைத் தெரியாதவங்க கெடையாது. வாய் அப்படி. தண்ணி லாரி வந்தா வரிசையில குறுக்க பூந்தவ குடம் சாக்கடையிலதான் கெடக்கும். நாலு வூட்டுல துணி தோய்ச்சு ரெண்டு பிள்ளைங்களைப் படிக்க வெச்சவ. புருஷன் ஏசுபாதம் தெருக்கோடியில ராஜாராமனோட கெமிக்கல் குடோன்ல லோடு எறக்கறவன். அந்த குடோனுக்கு லைசென்ஸ் இல்லன்னு தெருவுக்கே தெரியும், ஆபீசருங்களுக்கு மட்டும்தான் தெரியாது.

தொண்ணூத்தி மூணு கோடையில எங்கயோ ஒரு குடோன் பத்திக்கிட்டு எரிய, எல்லா எடத்துலயும் செக்கிங். இங்கயும் வர்றாங்கன்னு ராஜாராமனுக்கு மொதல்லயே சேதி வந்துடுச்சு. அவன் இன்னா பண்ணான் தெரியுமா? அந்தத் தெருவுல எல்லா வாசல்லயும் தண்ணி புடிக்க நீல டிரம்மு நிக்கும். எல்லாம் அவன் குடோன்ல வாங்குன காலி டிரம்முதான். நெறைஞ்ச டிரம்மை அதுங்களோட நிறுத்திட்டா எவன் கண்டுபுடிப்பான்?

ஏசுபாதம் மீன்பாடி வண்டியில கொண்டாந்து, யாருக்கும் ஒண்ணும் சொல்லாம வூட்டுக்கு வூடு எறக்கிட்டு, மிச்சத்தைத் தன் வாசல்ல நிறுத்தினான்.

"உள்ள இன்னாய்யா கீது?"

"காஸ்டிக். கை பட்டா தோல் உரிஞ்சிடும். சாயங்காலம் எடுத்துடுவாங்க, சும்மா இரு."

"பாக்க தண்ணி மாதிரியே கீதே! புத்தி இருந்தா குடிக்கிற தண்ணி பக்கத்துல கொண்டாந்து வெப்பியா?"

பின்னாடியே ஸ்கூட்டர்ல வந்த ராஜாராமன் சிரிச்சான். "கத்தாத பேபி. சரக்கு உன் வாசல்ல இருக்கு, எறக்குனது உன் புருஷன். மாட்டுனா எனக்கு வக்கீல் இருக்கான். உங்களுக்கு யாரு இருக்கா?"

பேபி தன் வாசல்ல இருந்த டிரம்மு மூடிங்களை அழுத்தி மூடினா.

இன்ஸ்பெக்டர் வந்தாரு. குடோனைப் பாத்தாரு, காலி. ஜீப்பைப் பாத்து நடந்தாரு. பேபி வாசல்ல நின்னு, போய்த் தொலைடா சாமின்னு மனசுக்குள்ள வேண்டிக்கினு இருந்தா. அப்பதான் பின்னாடி மூடி தெறக்கற சத்தம்.

பக்கத்து வூட்டு மெஹர் பானு. அரிசி களைய தண்ணி இல்லன்னா இவ டிரம்முல அவ மொள்ளுவா, அவ டிரம்முல இவ மொள்ளுவா. கேக்கற வழக்கமே இல்ல. கையில சொம்பு, டிரம்முக்குள்ள கை போவுது.

"தொடாதடீ!"

பேபி பாஞ்சு தட்டின தட்டுல சொம்பு ரோட்டுல உருண்டுது. மெஹர் பானு கையை ஒதறினா. "இன்னாக்கா, ஒரு சொம்பு தண்ணிக்கா அடிக்கறே?"

இன்ஸ்பெக்டர் திரும்பினாரு. "என்னம்மா சத்தம்?"

ஏசுபாதம் கண்ணாலயே கெஞ்சினான். தண்ணியில பல்லி வுழுந்துடுச்சு சார்னு சொன்னா முடிஞ்சுது. ஆனா சோறாக்கற நேரம், தெரு முழுக்க சொம்பைத் தூக்கிக்கினு வருவாளுங்க. எத்தினி கையைத் தட்டிவுடறது?

"குடோன் காலின்னு எழுதிட்டீங்களா சார்? சரக்கு தெருவுல கீது. வூட்டுக்கு வூடு. இது தண்ணி இல்ல, காஸ்டிக்."

"அது அவங்க வாசல்ல இருக்கு சார், அவங்களுது"ன்னான் இன்ஸ்பெக்டர் கூட வந்த ராஜாராமன்.

"எங்களுதா? கஞ்சிக்கே சிங்கி அடிக்கறோம், இத்தினி காஸ்டிக்கை வெச்சு தோசையா சுடப்போறோம்?"

இன்ஸ்பெக்டர் ஏசுபாதத்தைக் கேட்டாரு. "யாருய்யா எறக்கச் சொன்னது?"

அவன் மொதலாளியைப் பாத்தான், பேபியைப் பாத்தான். வாயைத் தொறக்கலன்னா மொத்தமும் அவன் தலையில.

"மொதலாளிதான் சார்"ன்னான் ஏசுபாதம்.

கேஸ் வருஷக் கணக்கா செங்கல்பட்டு கோர்ட்டுல இழுத்துது. ராஜாராமன் பேருக்கு அடுத்தபடி ஏசுபாதம் பேரையும் போட்டுட்டாங்க. வேலை போச்சு. தெருவுல பாதிப் பேர், பொழப்பு குடுத்த குடோனை மூட வெச்சவள்னு பேபியோட பேச்சை நிறுத்திட்டாங்க. மெஹர் பானு மட்டும் வாய்தாவுக்கு வாய்தா கூட பஸ் ஏறுவா.

சாட்சிக் கூண்டுல ஏறின பேபியை ராஜாராமன் வக்கீல் மடக்கினாரு. "புருஷனைக் காப்பாத்தத்தானே முதலாளி மேல பழி போடறே?"

"காப்பாத்தணும்னா அன்னைக்கு வாயை மூடிக்கினு இருந்திருப்பேனே சார். நான் கத்துனதாலதான் அவர் கூண்டுல நிக்கறாரு."

ஏசுபாதத்தை விட்டுட்டாங்க. ராஜாராமன் ஜெயிலுக்குப் போனான், ஆறே மாசம். தீர்ப்பு கேட்டுட்டு பேபி வெளிய வந்து, "ஆறு மாசம்தானா?"ன்னா. மெஹர் பானு தன் ரெண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "வா அக்கா, பஸ் வந்துடுச்சு"ன்னா.